நாளொரு பாட்டும் ஈற்றடி மரபும்

பாட்டு எழுதுவதற்கு உள்ளத்தே ஓர் எழுச்சி வரவேண்டும் என்பர். அவ்வெழுச்சிக்காகக் காத்திருந்தே நான்கைந்து பாட்டுகளோடு நின்றுவிட்டவர் பலர். இதற்கு மாறாக, நாள்தோறும் ஒரு குறிப்பைப் பெற்று, அன்றைக்கே அதன்மேல் ஒரு பாட்டு எழுதி முடிக்கும் பழக்கம் இக்காலத்தே பல நாடுகளில் பரவியுள்ளது. அக்குறிப்பு ஒரு சொல்லாக இருக்கலாம். ஒரு காட்சியாகவோ, ஒரு கட்டுப்பாடாகவோ இருக்கலாம். பிறர் கொடுத்த பொருளைப் பாடுவது உண்மைப் பாட்டாகுமா என்னும் ஐயம் எழுவது இயல்பே. அதனை இங்கு ஆராய்வோம்.

தோற்றமும் பரவலும்

அமெரிக்கக் கவிஞர் கழகம் 1996ஆம் ஆண்டில் ஏப்ரல் மாதத்தைக் கவிதை மாதமாகக் கொண்டாடத் தொடங்கியது. 2003இல் மொரீன் தார்சன் என்னும் பெண் கவிஞர், அம்மாதத்தின் 30 நாளும் நாளுக்கொரு பாட்டு எழுதுவதென வரையறுத்துக்கொண்டு எழுதினார்; பிறரும் அவரைப் பின்பற்றினர். சிங்கப்பூரில் 2014 ஏப்ரலில் ஆங்கிலக் கவிஞர்கள் இம்முயற்சியைத் தொடங்கினர். ஒவ்வொரு நாளும் ஒரு குறிப்பு. அதற்கேற்ப ஒரு பாட்டு. அவ்வாண்டு விளைந்தவற்றுள் தேர்ந்தெடுத்தவை நூலாகவும் வெளிவந்தன.

நம் மரபில்

பெயர் புதிதாயினும் செயல் நமக்குப் புதிதன்று. புலவரை ஆசுகவி, மதுரகவி, சித்திரகவி, வித்தாரகவி என நால்வகைப்படுத்தினர் நம் முன்னோர். கொடுத்த பொருளில், கேட்ட அப்பொழுதே பாடவல்லவர் ஆசுகவி. 15ஆம் நூற்றாண்டினரான காளமேகப் புலவரைப் பற்றி வழங்கும் கதைகளுள் பல, பிறர் தந்த சொல்லை வைத்து அவர் உடனே வெண்பாப் பாடியதையே கூறுகின்றன. ஈற்றடியைக் கொடுத்து வெண்பாவை முடிக்கச் செய்தல் அவதானக் கலையின் உறுப்புகளுள் ஒன்று. இடலாக்குடியிற் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில் சதாவதானம் நிகழ்த்திப் புகழ்பெற்றார் என்பதைத் தமிழாசிரியர் அறிவர்.

கட்டுப்பாடு செய்யும் வேலை

ஈற்றடி ஒன்றைக் கொண்டு இதன் இயக்கத்தைக் காண்போம். ‘மழைகழுவிச் சென்ற தெரு’ என்பது கொடுக்கப்பட்ட அடி என்க. அடியின் முதற்சீர் நிரையசையில் தொடங்குகிறது. வெண்டளை பிறழாதிருக்க, மூன்றாம் அடியின் இறுதிச்சீர் மாச்சீராகவே அமைதல் வேண்டும். விளமும் காயும் அங்கு நில்லா. மூன்றாம் அடிக்கும் நான்காம் அடிக்கும் எதுகை அமைப்பதாயின், ழகரத்தை இரண்டாம் எழுத்தாகக் கொண்ட, குறிலில் தொடங்கும் ஒரு சொல் வேண்டும். மாணவன் தேடுகிறான். புழுதி, நிழல், வழி, பழம், அழுகை, குழந்தை எனச் சொற்கள் வரிசையாக வந்து நிற்கின்றன.

மழையைப் பற்றிப் பாடுக என்று மட்டும் சொல்லியிருந்தால் அவன் கருமேகத்தையும் மயிலையும் பாடியிருப்பான். அவை பன்முறை கேட்டவை. இப்போதோ குழந்தை என்னும் சொல் அவன் எதிரே நிற்கிறது. மழை கழுவிய தெருவில் குழந்தைக்கு என்ன வேலை? அதன் காலடித் தடம் அழிந்ததா? அது விட்ட காகிதக் கப்பல் எங்கே? எதுகை தேடப் போனவன் பொருளொன்றைக் கண்டு மீள்கிறான். கட்டுப்பாடு அவனுடைய பழகிய பாதையை அடைத்து, அவன் நினைத்திராத பக்கம் திருப்பிவிடுகிறது. அப்பக்கத்தில் அவன் காண்பது அவனுக்கே உரியது. ஆகவே பொருள் பிறர் தந்ததாயினும் பாட்டு அவனுடையதே.

நாள்தோறும் ஏன்?

திங்களுக்கு ஒரு பாட்டு எழுதுவோன் அந்த ஒன்று சிறக்கவேண்டுமே என்று அஞ்சுகிறான். 30 நாளில் 30 பாட்டு எழுதுவோனுக்கோ, இன்றையது சிறக்காவிடினும் நாளை ஒன்றுண்டு. அமெரிக்கக் கவிஞர் வில்லியம் ஸ்டாஃபோர்டு பல பத்தாண்டுகள் நாள்தோறும் விடியுமுன் எழுந்து எழுதியவர். எழுத்து ஓடாதபோது என்ன செய்வது என்று கேட்டவர்க்கு, தரத்தைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு மேலே எழுதுக என்றார். 1993 ஆகஸ்ட் 28 அன்று மறைந்த அவர், அன்று காலையிலும் ஒரு பாட்டு எழுதியிருந்தார்.

இதில் ஒரு தீங்கும் உண்டு. அன்றன்று எழுதியதையெல்லாம் அன்றன்றே அச்சேற்ற விழைவோர் சொற்பெருக்கையே பாட்டென்று மயங்குவர். 30 பாட்டுள் மூன்று தேறினும் ஊதியமே. அம்மூன்றைத் தேர்ந்து, நாள் கழித்துத் திருத்தும் பொறுமை இல்லையேல் பயிற்சி பயன் தராது.

வகுப்பறைக்கு

நம் மாணவருள் பலர் தமிழில் எழுதுவது தேர்வுக் கட்டுரை ஒன்றே. மதிப்பெண்ணுக்காக மட்டும் எழுதப்படும் மொழியில் ஒருவன் தன் வியப்பையும் வருத்தத்தையும் சொல்லக் கற்பதில்லை. தேர்வு முடிந்ததும் அம்மொழியை எழுதுவதையும் விட்டுவிடுகிறான். நாளொரு குறிப்பு இக்குறையை ஓரளவு நீக்கவல்லது.

குறிப்புக் கொடுப்பதில் ஆசிரியர் மூன்றை நினைவிற் கொள்க. முதலாவது, பரந்த பொருளைத் தவிர்த்தல். ‘அன்னை’, ‘இயற்கை’ என்பன மனப்பாடத்தையே வரவழைக்கும். ‘மின்தூக்கியில் அண்டை வீட்டாரோடு பேசாமல் நின்ற நேரம்’ என்பது மாணவனைத் தன் கண்ணால் காணச் செய்யும். இரண்டாவது, ஒரு விலக்குச் சேர்த்தல்: குடையைப் பாடுக, மழை என்னும் சொல் வரலாகாது. மூன்றாவது, அளவைச் சுருக்குதல். நான்கு அடியும் பத்து நிமிடமும் போதும். யாப்புப் பயின்றவர்க்கு ஈற்றடி கொடுக்கலாம். பயிலாதவர்க்குத் தொடக்கத்தில் உரைப்பா ஆகட்டும். எழுதியதற்கு மதிப்பெண் இடாதிருத்தல் நன்று. வாரத்துக்கு ஒருமுறை, அவ்வாரத்தில் எழுதியவற்றுள் ஒன்றை மாணவனே தேர்ந்து வகுப்பில் படிக்கட்டும்.

ஆசிரியரும் அதே குறிப்பில் அதே பத்து நிமிடத்தில் எழுதுவாராயின், அவ்வகுப்பில் தமிழ் பாடநூலிலிருந்து இறங்கி வந்து மாணவரோடு அமரும்.