ஏரிக்கு நடுவே ஒரு திரை

கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில், கெனோரா என்ற ஊருக்கு அப்பால் உள்ள காட்டில் ஓர் ஏரி இருக்கிறது. அதை எல்லோரும் எண்ணைச் சொல்லித்தான் குறிப்பிடுகிறார்கள்: ஏரி 226. பரப்பு சுமார் 16 ஹெக்டேர். நடுவில் ஒடுங்கி, இரண்டு பக்கமும் அகன்று கிடக்கும். 1973-ல் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவும் அந்த ஒடுங்கிய இடத்தில் ஒரு கனமான திரையைக் கட்டினார்கள். நைலான் துணியில் பிளாஸ்டிக் பூசிய திரை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை, நீர்மட்டத்திலிருந்து அடிச்சேறு வரை இறங்கி நின்றது. ஒரே ஏரி இரண்டு ஏரிகளாகிவிட்டது.

பிறகு ஒரு பாதியில் சர்க்கரையையும் நைட்ரேட் உப்பையும் கரைத்து ஊற்றினார்கள். மறு பாதியிலும் அதே சர்க்கரை, அதே நைட்ரேட். அதோடு பாஸ்பரஸ் அடங்கிய பாஸ்பாரிக் அமிலமும் சேர்ந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

சில மாதங்கள் போயின. விமானத்தில் ஏறிப் படம் எடுத்தார்கள். திரைக்கு ஒரு பக்கம் ஏரி எப்போதும்போலக் கருநீலமாக இருந்தது. பாஸ்பரஸ் போட்ட பக்கம் கரை முதல் கரை வரை பச்சை. நீரைப் பற்றிய பாடப் புத்தகங்களில் இன்றும் அச்சாகிவரும் படம் அது.

சுத்தமான ஏரியை வேண்டுமென்றே கெடுக்கலாமா என்று உங்களுக்குக் கோபம் வரலாம். நியாயமான கோபம்தான். அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று தெரிய, தென்கிழக்கே வெகுதூரத்தில் உள்ள ஈரி ஏரிக்குப் போகவேண்டும்.

அமெரிக்க-கனடா எல்லைப் பகுதியில் ஐந்து பேரேரிகள் உண்டு. அவற்றில் ஆழம் குறைந்தது ஈரி; சராசரி ஆழம் 19 மீட்டர்தான். டெட்ராய்ட், கிளீவ்லாந்து போன்ற பெரிய தொழில் நகரங்களின் சாக்கடை அதில்தான் போய்ச் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீடுகளில் புதுவகைச் சலவைத்தூள் வந்தது. அழுக்கு நன்றாகப் போக அதில் பாஸ்பரஸ் அடங்கிய பாஸ்பேட் சேர்த்திருந்தார்கள். 1960-களில் ஈரியின் கரைகளில் பாசி மெத்தைமெத்தையாக ஒதுங்கி நாறியது. ஏரி செத்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின.

உண்மையில் நடந்தது வேறு. நீரில் பாசி வளரத் தேவையான சத்துகள் அளவுக்கு மீறிச் சேர்ந்ததால் பாசி அளவுக்கு மீறிப் பெருகியது. பகலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடும். இரவில் அதுவும் ஆக்சிஜனை எடுத்துத்தான் மூச்சுவிடும். அதனால் பாசி மண்டிய குளங்களில் விடியற்காலையில்தான் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பாசி செத்து அடியில் படிந்ததும் பாக்டீரியாக்கள் அதை மக்கவைக்கத் தொடங்கும். அந்த வேலைக்கும் ஆக்சிஜன் வேண்டும். கோடையில் சூடான நீர் இலேசாகி மேலேயே நின்றுவிடுவதால், காற்றிலிருந்து கிடைக்கும் ஆக்சிஜன் அடிக்கு இறங்காது. அடியில் இருப்பவை மூச்சுத் திணறிச் சாகும்.

1953-ல் ஈரியின் மேற்குப் பகுதியில் இதுதான் நடந்தது. அங்கே அடிச்சேற்றில் மேஃபிளை என்ற பூச்சியின் புழுக்கள் கோடிக்கணக்கில் வாழ்ந்தன. மீன்களுக்கு அவை நல்ல உணவு. அந்தக் கோடையின் கடைசியில், நீரைக் கலக்கிவிடச் சில நாள் காற்றே அடிக்கவில்லை. அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்தது. புழுக்கள் கூண்டோடு மடிந்தன. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அந்தப் பூச்சி அங்கே பழையபடி பெருகவில்லை.

குற்றவாளி எது என்பதில் பெரிய சண்டை. பாஸ்பேட்தான் என்றார்கள் பல விஞ்ஞானிகள். சோப்புத் தொழில்துறையினர் மறுத்தார்கள்: பாசிக்கு அதிகம் தேவைப்படுவது கார்பன், ஆகவே கார்பனைத்தான் கவனிக்கவேண்டும் என்றார்கள்.

கேட்கச் சரியாகத்தான் படும். ஆனால் அம்மா இட்லிக்கு அரைப்பதை நினைத்துப் பாருங்கள். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. வீட்டில் ஒரு மூட்டை அரிசி இருந்தாலும், உளுந்து ஒரு கைப்பிடிதான் என்றால் அந்தக் கைப்பிடிக்குத் தகுந்த இட்லிதான் கிடைக்கும். எது நிறைய வேண்டும் என்பதைவிட, எது முதலில் தீரும் என்பதே முக்கியம். எடைக் கணக்கில், பாசிக்கு ஒரு பங்கு பாஸ்பரஸுக்குச் சுமார் 7 பங்கு நைட்ரஜனும் 40 பங்கு கார்பனும் தேவை. ஒரு கிலோ பாஸ்பரஸ் கிடைத்தால், ஈரத்தோடு எடைபோட்டு, ஏறக்குறைய 500 கிலோ பாசி வளர முடியும்.

கண்ணாடிப் புட்டியில் நீரை வைத்துச் சோதித்தவர்களுக்கு ஆளுக்கொரு விடை வந்தது. புட்டிக்குள் காற்று வராது; அடிச்சேறு இருக்காது. ஆகவே ஏரியைக் கேள்வி கேட்க ஏரியே வேண்டும் என்று முடிவு செய்து, 1968-ல் கனடா அரசு அந்தக் காட்டில் பல சிறு ஏரிகளை ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கியது. சுற்றிலும் பாறை, வீடுகள் கிடையாது, யாருடைய குடிநீரும் அதில் இல்லை. என் கண்ணுக்கு இருபதாம் நூற்றாண்டின் துணிச்சலான அறிவியல் முடிவுகளில் இதுவும் ஒன்று.

அங்கே ஏரி 227 என்று ஒன்று. அதன் நீரில் கார்பன் மிகக் குறைவு. 1969 முதல் அதில் பாஸ்பரஸும் நைட்ரஜனும் மட்டும் போட்டார்கள். கார்பன் துளிகூடப் போடவில்லை. ஏரி பச்சையாகிவிட்டது! வேண்டிய கார்பனைப் பாசி காற்றிலிருந்தே இழுத்துக்கொண்டது. நீலப்பச்சைப் பாசிகளில் சில வகைகள் நைட்ரஜனையும் காற்றிலிருந்து எடுத்துவிடும். பாஸ்பரஸ் மட்டும் காற்றில் வாயுவாகக் கிடையாது. பாறை, மண், சாணம், மலம், உரம், சோப்பு என்று நிலத்திலிருந்துதான் அது வந்தாக வேண்டும். அதனால்தான் அதைக் கரையிலேயே தடுக்க முடியும். அதன் பிறகு ஏரி 226-ன் படம் வந்தது. படிக்கத் தெரியாதவருக்கும் அந்தப் படம் புரிந்தது.

கனடாவும் அமெரிக்க மாநிலங்கள் பலவும் சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தின. படம் வருவதற்கு முன்பே, 1972-ல், இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டிருந்தன; அதன்படி சாக்கடை நீரிலிருந்து பாஸ்பரஸைப் பிரித்தெடுக்கும் நிலையங்களை மேம்படுத்தின. ஈரி தெளியத் தொடங்கியது. 1971-ல் வந்த ‘லோராக்ஸ்’ என்ற சிறுவர் புத்தகத்தில் ஈரியை அழுக்கு ஏரி என்று சொல்லும் வரி ஒன்று இருந்தது. ஏரி தேறிவருகிறது என்று ஒஹாயோ மாநிலத்திலிருந்து கடிதம் போனதும், அதன் ஆசிரியர் டாக்டர் சூஸ் அந்த வரியை எடுத்துவிட்டார். 1990-களில் மேஃபிளைகளும் திரும்பி வந்தன. இப்போது கோடை இரவுகளில் அவை கூட்டமாக எழும்போது வானிலை ரேடாரிலேயே தெரிகிறது!

இத்தோடு கதை முடிந்திருந்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் 2014 ஆகஸ்ட் 2 அன்று, ஈரிக்கரையில் உள்ள டொலீடோ நகரில் குழாய் நீரைக் குடிக்க வேண்டாம் என்று அறிவித்தார்கள். நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு குடிநீரில் கலந்திருந்தது. கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. நீர் சுண்டச் சுண்ட நஞ்சின் செறிவுதான் கூடும். நாலு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் மூன்று நாள் புட்டி நீரை நம்பியிருந்தார்கள்.

இந்த முறை பாஸ்பரஸ் பெரும்பாலும் வயல்களிலிருந்து வந்தது. டொலீடோ வழியாக ஈரியில் விழும் மௌமி ஆறு, மக்காச்சோளமும் சோயாவும் விளையும் பரந்த நிலங்களின் நீரைக் கொண்டுவருகிறது. பயிர் எடுத்தது போக மிஞ்சிய உரத்தையும் எருவையும் வசந்தகால மழை கழுவிக்கொண்டு போகிறது. சாக்கடைக்கு ஒரு குழாய்தான் வாய். அங்கே ஒரு நிலையம் கட்டிவிடலாம். வயல்களுக்கு ஆயிரம் வாய்க்கால்கள். ஈரியைக் காப்பது இப்போது கடினமாகிவிட்டதற்கு அதுதான் காரணம். இன்னொன்றும் உண்டு: பழைய பாஸ்பரஸ் அடிச்சேற்றில் இரும்போடு ஒட்டிக் கிடக்கும். ஆக்சிஜன் தீர்ந்ததும் அது விடுபட்டு மறுபடி நீரில் கரையும். வரவை நிறுத்தினாலும் சில ஏரிகள் ஆண்டுக்கணக்கில் பச்சையாகவே இருப்பது இதனால்தான்.

நம் ஊர் விவசாயிகள் போடும் டி.ஏ.பி. உரத்திலும் இதே பாஸ்பரஸ் இருக்கிறது. ஊர்க்கழிவு கலக்கும் ஏரிகளில் ஆகாயத்தாமரை கொழுத்து வளர்வதும் இதே சத்துகளால்தான்.

உங்கள் ஊர் நீர்நிலை எப்படி இருக்கிறது என்று நீங்களே அளக்கலாம். 1865-ல் இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான ஆஞ்சலோ செக்கி சோதித்துப் பார்த்த முறையை ஒட்டியது இது. 20 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டத் தகடு ஒன்றை நாலாகப் பிரித்து, கறுப்பும் வெள்ளையுமாக மாற்றி மாற்றி வண்ணம் பூசுங்கள். அடியில் எடை கட்டி, சாண் அளவுக்கு முடிச்சிட்ட கயிற்றில் தொங்கவிடுங்கள். பெரியவர் ஒருவரோடு படித்துறைக்கோ பாலத்துக்கோ போய், நிழல் விழும் பக்கமாக மெல்ல இறக்குங்கள். தகடு கண்ணிலிருந்து மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறையும் இடத்தில் நீர் பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் மண் கலங்கல். பச்சையாக இருந்தால் பாசி. பச்சை நீரில் கை வைக்க வேண்டாம். மாதம் ஒருமுறை, அதே இடத்தில், அதே நேரத்தில் அளந்து தேதியோடு நோட்டில் எழுதுங்கள். மழைக்கு முன் ஓர் அளவும், மழை ஓய்ந்து இரண்டு வாரம் கழித்து ஓர் அளவும் கட்டாயம் எடுத்துவிடுங்கள்.