சுருக்கத் தோல் நாய்

வயது முதிர முதிரத் தோலில் சுருக்கம் விழுவது மனிதருக்கு இயற்கை. சீன தேசத்து நாய் ஜாதி ஒன்றில் இம்முறை தலைகீழாக அமைந்திருக்கிறது. குட்டிப் பருவத்தில் அதன் உடல் முழுவதும் மடிப்பு மடிப்பாகச் சுருங்கிக் கிடக்கும்; அண்ணனுடைய சட்டையைத் தம்பிக்கு மாட்டிவிட்டாற்போலத் தோல் தொளதொளவென்று தொங்கும். வளர வளர, உடல் அந்தச் சட்டையை நிரப்பிவிடும். வயது வந்த நாய்க்குப் பெரும்பாலும் தலையிலும் கழுத்திலும் தோளிலுமே மடிப்புகள் எஞ்சி நிற்கும். இந்த விசித்திரப் பிராணிக்கு ஷார்-பெய் என்று பெயர்.

மணல் தோல்

தென்சீனத்துக் கான்டனீஸ் மொழியில் 'ஷார்-பெய்' என்பதற்கு மணல் தோல் என்று பொருள். ரோமம் குட்டையாகவும் முரடாகவும் இருப்பதால், எதிர்ப்புறமாகத் தடவினால் கை உறுத்தும். உயரம் 18 முதல் 20 அங்குலம். எடை 45 முதல் 60 ராத்தல். சிறிய முக்கோணக் காதுகளும், நீர்யானையை நினைவூட்டும் பருத்த முகமும் இதன் அடையாளங்கள். நாக்கோ, நாவற்பழம் தின்ற குழந்தையின் நாக்கைப்போல் கருநீலமாயிருக்கும். சௌ-சௌ என்னும் மற்றொரு சீன நாய்க்கும் இத்தகைய நாக்கு உண்டு.

வீட்டாரிடம் மிகுந்த பற்றுள்ளது. அயலாரைக் கண்டால் ஒதுங்கி நின்று கவனிக்கும். அமைதியான சுபாவமுடையதாயினும் பிடிவாதம் அதிகம். ஆகையால் இளமையிலேயே மனிதரிடமும் பிற நாய்களிடமும் பழக்கி, பொறுமையுடன் பயிற்றுவித்தல் அவசியம்.

அழிவினின்று மீண்ட கதை

குவாங்டுங் மாகாணத்து உழவர்கள் வீட்டுக் காவலுக்கும் வேட்டைக்கும் இந்நாயை வளர்த்து வந்தனர். பின்னர் நாய்ச் சண்டைப் பந்தயங்களிலும் இதனை இறக்கினர். எதிரி தோலைக் கவ்வினாலும், தளர்ந்த தோலுக்குள்ளேயே உடலைத் திருப்பித் திரும்பக் கடிக்க வல்லது என்பர்.

1949-இல் சீனாவில் பொதுவுடைமை ஆட்சி ஏற்பட்டது. உணவுப் பஞ்சமுள்ள நாட்டில் நாய் வளர்ப்பது வீண் செலவென்று கருதப்பட்டது; நாய்கள் பெருவாரியாகக் கொல்லப்பட்டன. ஹாங்காங் முதலிய இடங்களில் மட்டும் ஷார்-பெய்கள் சொற்பமாகத் தப்பிப் பிழைத்தன. அங்கே வாழ்ந்த மாட்கோ லா என்பவர், இந்த ஜாதி அடியோடு அழிந்துவிடுமோ என்று அஞ்சி, 1973-இல் அமெரிக்கப் பத்திரிகையொன்றின் வாயிலாக நாய்ப் பிரியர்களிடம் உதவி கோரினார். அவருடைய வேண்டுகோள் வீண்போகவில்லை. குட்டிகள் கடல் கடந்து சென்றன. அரிய பொருளென்பதால் மோகமும் பெருகியது.

சுருக்கத்தின் விலை

ஆனால் அந்த மோகமே புதிய துன்பத்துக்கு வித்திட்டது. பழைய சீன நாய்க்கு மடிப்புகள் குறைவு; முகமும் அவ்வளவு பருத்ததன்று. அதனை 'எலும்பு வாய்' வகை என்பர். மேல்நாட்டார் விரும்பியதோ, மடிப்பு மிகுந்த 'சதை வாய்' வகை. சில நாய்களையே மூலமாகக் கொண்டு, மடிப்புக்காகவே தேர்ந்தெடுத்து இனம் பெருக்கினர்.

இதன் விளைவுகள் பல. முகத்துத் தோல் கண்மீது அழுந்துவதால் இமை உட்புறமாகச் சுருண்டு, மயிர் கண்மணியை உராயும். கவனியாது விட்டால் பார்வையே கெடலாம். குட்டிகளின் இமைக்கு வைத்தியர்கள் தற்காலிகமாகத் தையலிட்டுத் தூக்கி விடுவதும் உண்டு. மடிப்புகளினுள் ஈரம் தங்கினால் புண் உண்டாகும். குறுகிய காதுத் துவாரங்களிலும் அழற்சி தோன்றும்.

யாவற்றிலும் கொடியது 'ஷார்-பெய் காய்ச்சல்'. திடீரென்று உடல் கொதிக்கும். பின்னங்கால் மூட்டு வீங்கும். ஓரிரு நாளில் தானே தணிந்துவிடும். தணிந்ததென்று வாளாவிருத்தல் கூடாது. மீண்டும் மீண்டும் வந்தால், ஒருவகைப் புரதம் சிறுநீரகத்தில் படிந்து உயிருக்கே உலை வைக்கும்.

தோல் மடிப்புக்குக் காரணம் ஹையலூரோனன் என்னும் வழவழப்பான பொருள். இது மற்ற நாய்களின் தோலிலும் உண்டு. ஷார்-பெய்க்கு மிகையாகச் சுரக்கிறது. அதை உண்டாக்கும் மரபணுவின் அருகே, ஒரு பகுதி பன்முறை நகலெடுக்கப்பட்டிருப்பதை ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் உள்ள விஞ்ஞானிகள் 2011-இல் வெளியிட்டனர். நகல்கள் மிகுந்த நாய்களுக்குக் காய்ச்சல் வரும் அபாயமும் மிகுதி என்பதையும் அவர்கள் எடுத்துக் காட்டினர். அழகென்று போற்றப்பட்ட மடிப்பும், உயிரை வாட்டும் காய்ச்சலும் ஒரே வேரில் முளைத்தவை!

ஆகவே, ஷார்-பெய் வளர்க்க விரும்புவோர் மடிப்புகளை எண்ணி விலை பேசுதல் தகாது. தாய் தந்தை நாய்களுக்குக் காய்ச்சலோ கண்நோயோ உண்டா என்று முதலில் விசாரிக்க வேண்டும். மடிப்பு குறைந்த குட்டியைத் தேர்ந்தெடுப்பது நலம். குளிப்பாட்டியபின் மடிப்புகளை விரித்து ஈரம் போகத் துடைக்க வேண்டும். கடும் வெயிலில் விடலாகாது. காய்ச்சல் கண்டால் தாமதமின்றிக் கால்நடை வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

அழிவினின்று இந்த ஜாதியைக் காத்தது மனிதரின் அன்பு. நோயில் தள்ளியது அவர்களுடைய ரசனை. வாங்குவோர் ரசனை மாறினால், வளர்ப்போர் வழக்கமும் மாறும். அதுவே இந்நாய்க்கு நாம் செய்யக்கூடிய இரண்டாவது உபகாரம்.