நஞ்சு உட்சென்றால் முதலிற் கேளுங்கள்

கற்பிட்டி முதல் முந்தல் வரையுள்ள கரையோர மணல் நிலங்களில் சின்ன வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரர், பூச்சிநாசினியை ‘மருந்து’ என்றே அழைப்பர். பயிருக்கு அது மருந்தாயினும் மனிதருக்கு நஞ்சேயாகும். சோளகக் காற்று வீசும் மாதங்களில், தெளிக்கும் மருந்து அடிப்பவரின் மேலேயே திரும்பிப் படுவதுண்டு. இயந்திரக் கொட்டிலில் சோடாப் போத்தலில் ஊற்றிவைத்த மிச்ச மருந்தைத் தாகமெடுத்த பிள்ளை குடித்துவிடுவதும் உண்டு. அவ்வேளையில் செய்யவேண்டியவற்றையும் செய்யத்தகாதவற்றையும் ஒவ்வொரு கமக்காரக் குடும்பமும் முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும்.

யாரிடம் கேட்பது?

நஞ்சுண்டவர்க்குத் தொலைபேசி வழியாக ஆலோசனை கூறும் முறை 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் தொடங்கியது. நம் நாட்டில் 1988ஆம் ஆண்டில் தேசிய நஞ்சுத் தகவல் நிலையம் நிறுவப்பட்டது. கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் இயங்கும் இந்நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 011 2686143. பொதுமக்கள் மட்டுமன்றி, வைத்தியர்களும் இதனிடம் ஆலோசனை பெறுகின்றனர்.

நோயாளி மயங்கினாலோ, வலிப்புக் கண்டாலோ, மூச்சுவிட இடர்ப்பட்டாலோ, முதலில் 1990 என்னும் இலக்கத்தை அழைத்து அம்புலன்சு வண்டியை வரவழையுங்கள். இச்சேவைக்குக் கட்டணமில்லை. கற்பிட்டிக் குடாநாடு நீண்டது. ஆகையால் வண்டி வரும்வரை கழியும் ஒவ்வொரு நிமிடமும் பயன்பட வேண்டும்.

என்ன சொல்வது?

கீழ்க்கண்டவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

1. போத்தலின் லேபலில் உள்ள மருந்தின் பெயரும் அதிலடங்கிய நஞ்சின் பெயரும். படிக்க இயலாவிடின் எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்.
2. உட்சென்ற அளவு, குடித்ததா, தோலிற் பட்டதா, சுவாசித்ததா என்பது.
3. நிகழ்ந்த நேரம்.
4. நோயாளியின் வயதும் ஏறத்தாழ நிறையும்.
5. இப்போது தோன்றும் குறிகள்.

வியர்வை பெருகுதல், வாயில் நீரூறுதல், வாந்தி, கண்மணி சுருங்குதல், தசை துடித்தல், மூச்சுத்திணறல் என்பன ஓகனோபொஸ்பேற்று, காபமேற்று வகை நாசினிகளின் குறிகளாம். இவற்றுக்கு வைத்தியசாலையில் அத்திரோப்பின் என்னும் மாற்று மருந்து ஏற்றுவர். ஆனால் எல்லா நஞ்சுக்கும் அதுவே மாற்றன்று. ஆகவேதான் பெயர் அறிதல் இன்றியமையாதது. வெறும் சோடாப் போத்தலோ வைத்தியருக்கு ஒன்றும் சொல்லாது. மருந்தை அதன் சொந்தப் போத்தலிலேயே, பூட்டி வையுங்கள். நோயாளியுடன் அப்போத்தலையும் கொண்டு செல்லுங்கள்.

செய்யத்தகாதவை

உப்புத் தண்ணீரோ சவர்க்காரத் தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுப்பிக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. இதனை அறவே கைவிடுங்கள். மண்ணெண்ணெயும் எண்ணெய்க் கரைப்பானில் கலந்த நாசினிகளும் வாந்தியின்போது நுரையீரலுட் புகுந்து உயிருக்கே கேடு விளைக்கும். பால், பச்சை முட்டை முதலியவற்றையும் ஊட்டாதீர்கள். ‘குறி ஒன்றும் காணவில்லையே’ என்று காத்திருக்கவும் வேண்டாம். சில நஞ்சுகள் பல மணி நேரம் கழித்தே தம் வேலையைக் காட்டும்.

மருந்து பட்ட உடையைக் களைந்து, உடலைச் சவர்க்காரமிட்டு நன்கு கழுவுக. கழுவுபவர் தம் கைகளுக்கு உறை அணிதல் நன்று. கண்ணிற் பட்டிருப்பின் சுத்த நீரால் 15 நிமிடமேனும் கழுவுக. மயங்கியவரை இடப்புறமாகச் சரித்துக் கிடத்துக. வாயில் எதுவும் ஊற்றற்க.

மறைக்க வேண்டாம்

மனத்துயரால் ஒருவர் தாமே நஞ்சருந்தினால், மானத்துக்கும் பொலிசுக்கும் அஞ்சி வீட்டார் உண்மையை மறைப்பதுண்டு. தற்கொலை முயற்சி 1998ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் குற்றமன்று. மறைத்த ஒரு சொல்லால் தக்க சிகிச்சை தவறிப்போகலாம். உயிர் பிழைத்தவரைக் கடிந்து பேசாது ஆதரியுங்கள். மனநலத் துணை வேண்டுவோர் 1926 என்னும் இலக்கத்தை அழைக்கலாம்.

கொடிய நாசினிகள் சில 1995ஆம் ஆண்டிலும், பரக்குவாற்று, டைமெதோயேற்று, பென்தியன் என்பன 2008 முதல் 2011 வரை படிப்படியாகவும் விலக்கப்பட்டன. அதனாற் பல உயிர்கள் தப்பின. எனினும் இன்று கடையில் விற்பனவும் நஞ்சே. பழைய போத்தல்கள் இன்னும் சில கொட்டில்களிற் கிடக்கக்கூடும்.

கமக்கார அன்பர்களே, 1990, 011 2686143 என்னும் இரு இலக்கங்களையும் கொட்டிற் கதவின் உட்புறத்திற் பெரிய எழுத்தில் இன்றே எழுதிவையுங்கள். எழுத்தறிந்த பிள்ளைகளுக்கும் காட்டிக் கொடுங்கள். ஆபத்து வேளையில் தொலைபேசியை எடுப்பது அவர்களாகவும் இருக்கலாம்.