ஒலிச்சேவையும் நினைவகக் கணக்கும்

2011இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோஸுடன் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் நிறுவப்பட்டிருந்தது. தொடக்கக் காலக் கணினிகளின் நினைவகம் 2 ஜிபி மட்டுமே என்பதால், முகப்பேரிலோ ஆவடியிலோ அத்தகைய கணினியில் இன்றும் லினக்ஸை ஓட்ட விரும்பும் ஒருவர் ஒவ்வொரு மெகாபைட்டுக்கும் கணக்குப் பார்க்க வேண்டியவராகிறார்.

அந்தக் கணக்கில் எளிதில் பழி சுமப்பது ஒலிச்சேவை, அதாவது பாட்டு, அழைப்பு, அறிவிப்பு எனப் பல செயலிகள் அனுப்பும் ஒலிகளைக் கலந்து ஒலிபெருக்கிக்குச் செலுத்தியபடி பின்னணியில் இயங்கும் நிரல். 2004இல் லென்னார்ட் பொட்டரிங் தொடங்கிய பல்ஸ்ஆடியோ நெடுங்காலம் செய்துவந்த இப்பணியை, விம் டேமன்ஸ் உருவாக்கிய பைப்வயர் 2021இல் ஃபெடோரா 34 பதிப்பிலிருந்து ஏற்றுக்கொண்டது.

அந்தப் பழி சரியா என்று பார்க்க உதவும் 'டாப்' கட்டளை ஒவ்வொரு நிரலுக்கும் மூன்று நினைவக அளவுகளைக் காட்டுகிறது: நிரல் தனக்கென ஒதுக்கிவைத்த முகவரிப் பரப்பாகிய மெய்நிகர் அளவு, அதில் உண்மையிலேயே நினைவகத்தில் தங்கியுள்ள உறை அளவு, அவ்வுறை அளவில் பிற நிரல்களோடு பகிரக்கூடிய பகுதி. முகப்பேர் ஏரித் திட்டம் என்ற வீட்டுமனைத் திட்டத்தின் வரைபடத்தில் மனை குறிக்கப்பட்டதாலேயே அங்கே வீடு எழுந்துவிடாததைப் போல, மெய்நிகர் அளவு பெரிதாக இருப்பதாலேயே நினைவகம் செலவாகிவிடுவதில்லை. பல்ஸ்ஆடியோ ஒலித்தரவைச் செயலிகளோடு பரிமாற வழக்கமாக 64 மெகாபைட் பகிர்நினைவகத் துண்டுகளை ஒதுக்குவதால், அது தொடாத பக்கங்களும் மெய்நிகர் கணக்கில் ஏறிவிடுகின்றன. பகிர்ந்த பக்கங்களைப் பயன்படுத்துவோருக்குள் வகுத்து நிரலின் உண்மைப் பங்கைச் சொல்லும் 'ஸ்மெம்' கருவியே இங்கு நம்பத்தக்க அளவுகோல்.

அந்தப் பங்கும் பெரிதாக இருந்தால், ஒருமுறை பார்த்த எண்ணைக் கொண்டு முடிவுசெய்யாமல், சில மணி நேரம் இடைவெளிவிட்டுக் குறித்துவர வேண்டும். பயன்பாட்டுக்கேற்ப ஏறி ஒரு நிலையில் நின்றுவிடுவது இயல்பு. ஒலி எதுவும் இல்லாதபோதும் ஏறிக்கொண்டே போவது, பெற்ற நினைவகத்தைத் திருப்பித் தராத கசிவின் அறிகுறி. அப்போது 'பேக்டல்' கருவியால் இணைந்துள்ள செயலிகளின் பட்டியலைப் பெற்று, அவற்றை ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தால், ஏற்றம் எதை மூடியதும் நிற்கிறது என்பதிலிருந்து அதைத் தூண்டுவது எது என்று தெரியவரும். சேவையை மறுதொடக்கம் செய்தால் நினைவகம் மீளும், ஆனால் காரணம் அப்படியே இருக்கும். ஆகவே பதிப்பெண்ணையும், குறித்த அளவுகளையும், கசிவைத் தூண்டிய செயலியின் பெயரையும் சேர்த்து ஒலிச்சேவை நிரலை உருவாக்குவோருக்குப் பிழையறிக்கையாக அனுப்புவதே பயனர் செய்யவேண்டிய பணி.