ஆடுகிற பிடி

ரப்பர் நாற்றுக்கு ஒட்டுக் கட்டுகிறவர்களின் மடக்குக் கத்தியில் முதலில் கெடுவது அலகு இல்லை, பிடி. அலகு மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம், அதற்குக் கல் இருக்கிறது. பிடியின் பக்கத்துச் சில்லு இளகிவிட்டால் கல்லால் ஒன்றும் ஆகாது. அப்போதுதான் என்னிடம் வருவார்கள்.

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே, செங்கல் ஊராட்சியில், உதியன்குளங்கரைக்குப் பக்கத்தில் என் சின்னப் பட்டறை. கத்தி, கத்திரி, குடைக்கம்பி என்று கையில் கிடைத்ததையெல்லாம் பார்ப்பேன். பாதிப் பேர் களியக்காவிளை எல்லையைத் தாண்டி வருகிறவர்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுகா தமிழகத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. ரப்பர் தோட்டத்துக்கும் மழைக்கும் அந்தக் கோடு தெரியாது. இரண்டு பக்கத்துக் கத்திக்கும் வருகிற சீக்கு ஒன்றுதான்.

ஒட்டுக் கட்டுவதைப் பார்த்திராதவர்களுக்கு: நாற்றின் அடிப்பட்டையில் ஒரு சிறு கதவு திறப்பதுபோலக் கீறி, நல்ல இன மரத்தின் கம்பிலிருந்து கண்ணோடு உரித்தெடுத்த பட்டைத் துண்டை அந்த இடத்தில் பொருத்தி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்றுவார்கள். ஏறத்தாழ மூன்று வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்து, கண்ணுக்குப் பக்கத்தில் லேசாகச் சுரண்டிப் பார்க்க வேண்டும். பச்சையாக இருந்தால் ஒட்டுப் பிடித்துவிட்டது. நூறு வருடத்துக்கு முன் ஜாவாவில் தேறிய வேலை இது. கோட்டயத்து ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1980-இல் வெளியிட்ட ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்ற இனம் நம் பக்கமெல்லாம் பரவியது இந்தக் கத்தியால்தான். விதை போட்டால் தாய்மரத்தின் குணம் அப்படியே வராது, கண் வைத்து ஒட்டினால்தான் வரும்.

பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே வழவழவென்று ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அலகு நுனி அதில் கீறிவிட்டால் ஒட்டுப் பிடிக்காது. பிடி அரை நூல் ஆடினாலும் போதும், நுனி எங்கே போகிறது என்பது விரலுக்குத் தெரியாமல் போய்விடும். ஒட்டுக்குக் கூலி எண்ணித் தருகிற தொழிலில் அது நேராகக் காசில் அடிக்கும். அதனால் எல்லோருக்கும் அவசரம். “அண்ணே, கத்தி ஆடுது. நாளைக்குக் காலத்தே வேணும்” என்பதுதான் பட்டறையில் அதிகம் கேட்கிற பேச்சு.

ஏன் ஆடுகிறது என்று பார்க்காமல் பசையை எடுக்கக் கூடாது. மடக்குக் கத்தியின் பிடியில் நடுவில் இரண்டு உலோகத் தகடு, அவற்றுக்கு வெளியே இரு பக்கமும் மரமோ கொம்போ பிளாஸ்டிக்கோ வைத்த சில்லு. எல்லாவற்றையும் குறுக்கே துளைத்துப் போகிற ரிவிட் ஆணிகள்தான் சேர்த்துப் பிடிக்கின்றன. நமக்கு ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொன்று. மரம் ஈரத்தில் ஊதும், மாசி பங்குனி வெயிலில் சுருங்கும். ஊதும்போது ஆணியின் தலைக்கடியில் மரம் நசுங்கிக்கொள்ளும், சுருங்கும்போது அந்த நசுங்கல் இடைவெளியாக நிற்கும். அந்த இடைவெளியில் ரப்பர் பால் போய் உறையும். உறைந்த பால் புளிக்கும். ஆணி இரும்பாக இருந்தால் அதோடு தீர்ந்தது: துரு ஊதி, மரத்தை உள்ளிருந்தே பிளந்துவிடும்.

கத்தியை மடக்கி, சில்லைப் பெருவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கிறேன். ஆணியும் சேர்ந்து அசைந்தால் உள்ளே தகட்டின் துளை பெரிதாகியிருக்கிறது. ஆணி அசையாமல் சில்லு மட்டும் நகர்ந்தால் தலை தளர்ந்திருக்கிறது, இது எளிது. பித்தளை ஆணியாக இருந்தால் கத்தியை ஓர் இரும்புத் துண்டின்மேல் கிடத்தி, மறுபக்கத்துத் தலை இரும்பில் சரியாகப் படும்படி வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் தட்ட வேண்டும். அடிக்கக் கூடாது, தட்ட வேண்டும். தலையின் நடுவில் இல்லை, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி. பித்தளை விரிந்து துளையின் வாயை நிறைப்பது கண்ணுக்கே தெரியும். சத்தமும் மாறும், பொத்தென்று கேட்டது டக்கென்று கேட்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். ஆசைக்கு இன்னும் இரண்டு தட்டுத் தட்டினால் சில்லு நீளவாக்கில் கீறிவிடும்.

அலகு சுழலுகிற முனை ஆணிக்கு மட்டும் வேறு கணக்கு. அலகுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு தாள் துண்டைச் செருகிவிட்டுத் தட்டி, பிறகு தாளை உருவினால் கத்தி இறுக்கமில்லாமல் மடங்கும்.

இரும்பு ஆணி துருப்பிடித்துப்போயிருந்தால் தலையை அரத்தால் ராவி, ஆணியைத் தட்டி வெளியே எடுத்துவிடுவதுதான் சரி. சைக்கிள் ஸ்போக்கை வெட்டிப் போடுகிறவர்கள் உண்டு. ஸ்போக்குக் கம்பி கடினம், விரியாது. அதை விரிய வைக்க அடிக்கிற அடியில் மரம் போய்விடும். நான் போடுவது பற்றவைக்கிற பித்தளைக் கம்பி, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். போடுவதற்கு முன் சில்லின் வெளித்துளையைப் பெரிய துளைப்பானால் கையாலேயே ஒரு சுற்றுச் சுற்றி வாயைக் கொஞ்சம் அகலமாக்கிவிட்டால், விரிந்த தலை அதில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு அரத்தால் ராவினால் விரலில் உறுத்தாது.

பசை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆணி பிடிக்க வேண்டும், பசை இடைவெளியை அடைக்க வேண்டும். உறைந்த பாலை ஊசியால் நோண்டி எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, தகட்டையும் சில்லின் உள்பக்கத்தையும் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய பிறகுதான் அரால்டைட். சுழலும் இடத்திலும் பிடிக்குள் இருக்கும் வில்லிலும் முதலில் மெழுகு பூசிவிட வேண்டும், இல்லாவிட்டால் கத்தி ஆயுசுக்கும் திறக்காது. கவ்வியில் மிதமாகத்தான் இறுக்க வேண்டும். முழு பலத்தோடு இறுக்கினால் பசை முழுக்க வெளியே பிதுங்கிவிடும். ஒரு நாள் விட வேண்டும். “நாளைக்குக் காலத்தே” என்கிறவர்களிடம் நான் ஆணி மட்டும் தட்டிக் கொடுப்பேன். இன்னும் அவசரக்காரர்கள் கத்தியை ராத்திரி தண்ணீரில் போட்டுவைப்பார்கள். மரம் ஊதிப் பிடி இறுகும், உண்மைதான். காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும்.

சில்லே உடைந்திருந்தால் புதிது வெட்டுவேன். பனை வைரம் கறுப்பும் வரியுமாக அழகு. நார் பிரியும் என்பதால் ஓரத்தை நன்றாக உருட்ட வேண்டும். புளியின் வைரம் ஈரத்தைப் பொறுக்கும், எனக்குப் பிடித்தது அதுதான். சிரட்டை பளபளக்கும், தட்டினால் நொறுங்கும். பழைய கத்தியில் மிளாக் கொம்பைப் பார்த்துவிட்டு அதேபோல வேண்டும் என்பார்கள் சிலர். இங்கிலாந்தில் ஷெஃபீல்டுக் கத்திகளுக்கே ஒரு காலத்தில் இந்திய மிளாக் கொம்பு கப்பலில் போனது. 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்தது, இன்று கொம்பு வியாபாரம் குற்றம். அவர்களுக்கு எருமைக் கொம்பு போதும்.

பிடிக்குள் இருக்கும் வில் ஒடிந்த கத்தியை மட்டும் நான் வாங்குவதில்லை. அதற்குப் புதுப் பிடி போடுவது வீண், புதுக் கத்தி வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிடுவேன்.