கையில் செபமாலை, பையில் மனு

ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரைச் சுற்றிச் சிறு கூட்டம் நிற்கும். சேரித் தெருவிலிருந்து வந்த ஒரு தாய் சேலைத் தலைப்பில் சுற்றிவைத்திருந்த கவரை எடுத்து நீட்டுவார். "சாமி, இதைக் கொஞ்சம் மந்திரிச்சுக் குடுங்க." உள்ளே இருப்பது மகளின் கல்லூரி விண்ணப்பம். சாமியார் கை வைத்து செபிப்பார். அந்தத் தாய் கவரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டுக்கு நடப்பார்.

நம் ஊர்களில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். நாளைக்குக் கூலி கிடைக்குமா, மகள் படிப்பை முடிப்பாளா, கடன் அடையுமா என்று எதுவும் உறுதியில்லாத வாழ்க்கை. அதில் 'ஆண்டவர் பார்த்துக்கொள்வார்' என்ற ஒரு சொல்தான் பல வீடுகளில் பிடிமானம். அந்தப் பிடிமானத்தை நாம் கேலி செய்யக் கூடாது. அதே சமயம், அந்தக் கவருக்குள் இருக்கும் சாதிச் சான்றிதழையும் பிரித்துப் படிக்க வேண்டும்.

குடியிருப்பது சேரியில். செய்வது கூலி வேலை. மற்ற தெருக்காரர்கள் பார்க்கும் பார்வையும் மாறவில்லை. ஆனால் சான்றிதழில் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. பக்கத்து வீட்டில், அதே சாதியில் பிறந்த இந்துப் பெண்ணுக்குப் பட்டியல் வகுப்புச் சான்றிதழ். இரண்டு வீடுகளுக்கும் ஒரே சுவர். சட்டத்தின் முன் இரண்டு வேறு வாழ்க்கை.

இதற்குக் காரணம் 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை. இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது அது. 1956-இல் சீக்கியர்களும், 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்களும் தலித் முஸ்லிம்களும் வெளியிலேயே நிறுத்தப்பட்டார்கள். இதனால் பட்டியல் சாதிக்கான இட ஒதுக்கீடு அவர்களுக்கு இல்லை. தனி வார்டில் போட்டியிட முடியாது. சாதி சொல்லி அடித்தாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்காது.

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துப் பிழைத்தவர் சூசை. செருப்புத் தைப்போருக்கு அரசு இலவசமாகக் கடைப் பெட்டிகள் கொடுத்தபோது, கிறிஸ்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் முடங்கிவிடவில்லை; உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பின்னும் அதே இழிவு அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985-இல் தீர்ப்பு வந்தது. சூசை தோற்றார். ஆனால் அவர் எழுப்பிய கேள்வி தோற்கவில்லை. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது. 2022-இல் ஒன்றிய அரசு நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தது. அதன் காலக்கெடுவும் நீட்டிக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை இந்தக் கோரிக்கைக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது.

இழிவு தொடர்கிறதா என்பதற்கு ஆதாரம் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளைப் பிரித்து எழுந்த சுவரை நாடே அறியும். செத்தவர்களுக்கும் சுவர்! தங்களுக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016-இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டது நல்லது. சுவர் இடிவது அதைவிட நல்லது.

'எல்லாம் தேவ சித்தம், பொறுத்துக்கொள்' என்று சிலர் போதிக்கிறார்கள். வேதாகமம் அப்படி மட்டும் பேசவில்லை. யோபு சாம்பலில் உட்கார்ந்து கடவுளிடமே நியாயம் கேட்டார். சோர்ந்து போகாமல் செபிப்பதற்கு இயேசு சொன்ன உவமையின் நாயகி ஓர் ஏழை விதவை. கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதிக்காத நீதிபதியிடம் அவள் திரும்பத் திரும்பப் போனாள். அவளுடைய தொல்லை தாங்காமல்தான் அவன் நியாயம் செய்தான். வீட்டில் உட்கார்ந்து காத்திருந்தவளை அல்ல, படியேறிப் போனவளைத்தான் இயேசு விசுவாசத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார்.

ஆண்டவரை நம்புகிறவர் அவருடைய நீதியையும் நம்ப வேண்டும். நீதி கிடைக்கும் என்று நம்புகிறவரால்தான் பத்தாவது முறையும் மனு எழுத முடியும். நாளை என்ன ஆகும் என்று தெரியாதபோதும் இன்று செய்ய வேண்டியதைச் செய்ய வைப்பது எதுவோ, அதையே நாம் விசுவாசம் என்கிறோம்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கிறிஸ்தவ மதத்துக்கு மாறிய ஆதி திராவிடர் மாணவர்களுக்கும் மாநில அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. இது தெரியாமலேயே படிப்பை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். கல்லூரியிலும் ஆதி திராவிடர் நல அலுவலகத்திலும் விசாரியுங்கள். 'கிடையாது' என்று யாராவது வாயால் சொன்னால், எழுத்தில் கேளுங்கள். உங்கள் பங்கில் கல்லறைச் சுவர் இருந்தால், பங்குப் பேரவையில் எழுந்து பேசுங்கள்.

திங்கட்கிழமை காலை. ஞாயிறு மந்திரித்த அதே கவரோடு அந்தத் தாய் இ-சேவை மையத்தின் வரிசையில் நிற்கிறார். முந்தானையில் செபமாலை முடிந்திருக்கிறது. செபத்தின் மறுபாதியை அங்கே நின்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரைத் தனியே நிற்க விடாமல் இருப்பது நம் கடமை.