சபையில் மரியாதை: எழுதி வைத்தால்தான் நிலைக்கும்

கூட்டமொன்றில் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பது எமக்குத் தெரியும். மனதுக்குள் பத்துத் தரம் சொல்லிப் பார்த்துவிட்டு எழும்புவோம். பின்வரிசையில் ஒரு சிரிப்புக் கேட்கும். "இவவுக்கு என்ன தெரியும்?" என்று யாரோ முணுமுணுப்பார். அத்துடன் இருந்துவிடுவோம். அடுத்த கூட்டத்திற்குப் போகவே மனம் வராது.

படிப்பறிவு குறைந்த இடங்களில்தான் இப்படி நடக்கும் எனப் பலர் எண்ணுகின்றனர். உலகின் பெரிய விஞ்ஞானிகள் கூடும் மாநாடுகளிலும் இதுவே நடந்திருக்கிறது. ஆனால் அவர்கள் இப்போது அதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அந்த வழி எமக்கும் உதவக்கூடியது.

அறிஞர் சபையில் நடந்தவை

ஹேர்த்தா அயர்ட்டன் இங்கிலாந்தைச் சேர்ந்த பெண் விஞ்ஞானி. மின்வில் விளக்குகள் ஏன் சீறுகின்றன என்பதை ஆராய்ந்து கண்டவர். 1901 இல் அவரது கட்டுரை லண்டன் ரோயல் சங்கத்தில் வாசிக்கப்பட்டது. வாசித்தவரோ ஓர் ஆண். பெண்ணொருவர் அங்கு வாசிக்க அனுமதி இருக்கவில்லை. அடுத்த ஆண்டு அங்கத்துவத்திற்கு அவரது பெயர் முன்மொழியப்பட்டபோது, மணமான பெண் என்ற காரணத்தால் மறுக்கப்பட்டது. 1904 இல்தான் அவர் தனது கட்டுரையைத் தானே அச்சபையில் வாசித்தார்.

பேச இடம் கிடைத்தாலும் மரியாதை கிடைக்கும் என்றில்லை. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த வானியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ரோயல் வானியல் சங்கத்தின் கூட்டத்தில் தனது ஆய்வை முன்வைத்தார். அப்போது அவருக்கு வயது 24. அடுத்துப் பேசியவர் அக்காலத்தின் பெரும் வானியலாளரான ஆர்தர் எடிங்டன். அந்த ஆய்வை அவர் கேலி செய்ய, சபை சிரித்தது. இளைஞரோ அவமானத்துடன் திரும்பினார். காலப்போக்கில் அவர் சொன்னதே சரியெனத் தெரிந்தது. 1983 இல் அவர் நோபல் பரிசு பெற்றார். ஆய்வில் பிழை கண்டால் சொல்ல வேண்டியதுதான். ஆனால் பிழையைச் சுட்டுவது வேறு, ஆளைச் சிரிப்புக்கிடமாக்குவது வேறு.

இவை பழங்கதைகள் என விட்டுவிட முடியாது. 2015 ஜூன் மாதம் தென்கொரியாவின் சியோல் நகரில் நடந்த மாநாட்டு விருந்தொன்றில், நோபல் பரிசு பெற்ற டிம் ஹன்ட், ஆய்வுகூடத்தில் பெண்கள் இருந்தால் காதல் வரும், குறை சொன்னால் அழுவார்கள் என்ற கருத்தில் பேசினார். நகைச்சுவையாகவே சொன்னதாகக் கூறி, பின்னர் வருத்தம் தெரிவித்தார். அவருக்காகப் பேசியவர்களும் இருந்தனர். ஆனால் பல நாடுகளின் பெண் விஞ்ஞானிகள் வேலை உடையுடன் எடுத்த தமது படங்களை வெளியிட்டு, "நாங்கள் செய்வது வேலை" என்பதை உலகுக்குக் காட்டினர்.

என்ன எழுதி வைத்திருக்கிறார்கள்?

"பெரிய மனிதர்கள்தானே, தெரிந்து நடப்பார்கள்" என்று விட்டால் நடக்காது என்பதை அனுபவம் காட்டியது. ஆகவே இன்று பல மாநாடுகளில் நடத்தை விதிகள் முன்கூட்டியே எழுதப்படுகின்றன. அவற்றை ஏற்றுக்கொண்டே பதிவு செய்ய வேண்டும். பொதுவாக அவற்றில் இருப்பவை இவை:

ஒருவரின் பால், இனம், மதம், தோற்றம், அங்கவீனம் பற்றி இழிவாகப் பேசக்கூடாது.

விருப்பமின்றித் தொடக்கூடாது, பின்தொடரக்கூடாது, பாலியல் நோக்குடன் அணுகக்கூடாது. வேண்டாம் என்றால் உடனே நிறுத்த வேண்டும்.

பேசுபவரைக் குழப்பக்கூடாது. கருத்தை விமர்சிக்கலாம், ஆளைத் தாக்கக்கூடாது.

அனுமதியின்றிப் படம் எடுக்கக்கூடாது. சில மாநாடுகளில் படம் வேண்டாதவர்கள் அணிவதற்குத் தனிநிற அட்டை கொடுக்கப்படும்.

முறையிடுவது யாரிடம் என்பது பெயருடன் அறிவிக்கப்படும். மீறியவர், எவ்வளவு பெரியவராயினும், வெளியேற்றப்படலாம்.

அமெரிக்கப் புவிப்பௌதிகவியல் ஒன்றியம் 2017 இல் இன்னும் ஒருபடி மேலே சென்றது. துன்புறுத்தலையும் பாகுபாட்டையும் விஞ்ஞான ஒழுக்கக்கேடு என்றே அது வகைப்படுத்தியது. பொய்யான ஆய்வை வெளியிடுவது போன்ற குற்றத்தின் வரிசையில் இதுவும் சேர்ந்தது.

விதியுடன் பழக்கமும் மாற வேண்டும். 2018 இல் வெளியான ஓர் ஆய்வு 10 நாடுகளில் 247 ஆய்வரங்குகளைக் கவனித்தது. எழுந்த கேள்வி ஆணிடமிருந்து வருவதற்கான வாய்ப்பு, பெண்ணிடமிருந்து வருவதைவிட இரண்டரை மடங்கு அதிகமாயிருந்தது. முதற் கேள்வியை ஆண் கேட்ட இடங்களில் பெண்களின் கேள்விகள் மேலும் குறைந்தன. ஆகவே முதற் கேள்விக்கு ஒரு பெண்ணை அழைக்குமாறு ஆய்வாளர்கள் தலைவர்களைக் கேட்டனர். செலவில்லாத மாற்றம் இது.

எமது கூட்டங்களில்

நாம் போவது விஞ்ஞான மாநாட்டுக்கல்ல. மாதர் சங்கக் கூட்டம், சுயதொழிற் பயிற்சி, நிறுவனங்களின் செயலமர்வு என்பவற்றுக்கே போகிறோம். அங்கும் அதே விதிகள் பொருந்தும். கணவரை இழந்த, உறவுகளைத் தேடும் ஒரு பெண்ணிடம் எல்லோர் முன்னிலையிலும் "என்ன நடந்தது, சொல்லுங்கோ" என்று கேட்பது அவரை மீண்டும் நோகச் செய்வதாகும். அழும்போது படம் எடுப்பதும் அவ்வாறே. உதவி பெற வந்தவர் என்பதற்காக அவரது முகமும் கதையும் மற்றவருக்குச் சொந்தமாகிவிடாது.

வார்த்தையாலோ செயலாலோ பாலியல் தொல்லை கொடுப்பது எமது நாட்டில் தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின்படி குற்றம். 1995 இல் செய்யப்பட்ட திருத்தம் இது. ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம்.

அடுத்த கூட்டத்தில் ஒரு சிறு காரியம் செய்து பார்க்கலாம். தொடங்குமுன் ஐந்து விதிகளை ஒரு தாளில் எழுதி, உரத்து வாசித்து, சுவரில் ஒட்டிவிடுங்கள். முறையிட வேண்டுமென்றால் யாரிடம் என்பதை அறிவித்து, அவரை எழுந்து நிற்கச் சொல்லுங்கள். வளவாளர் வந்தாலும் அதிகாரி வந்தாலும் விதி ஒன்றுதான். பின்பு முதற் கேள்வியை, இதுவரை வாய் திறக்காத ஒரு சகோதரியிடம் கேளுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை நாம் காத்திருப்போம்.